ஒரு தட்டுவடை செட்டும் ரெண்டு பொய்யும்!

ஹாஸ்டல்ல ஃபர்ஸ்ட் இயர் முதல் வாரம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? சீனியர்ஸ் வரிசையா நிக்கவெச்சு, 'பேரு, ஊரு, அப்பா என்ன பண்றார்?'னு கேட்பாங்களே... அதேதான். என் முறை வந்ததும், ஊரு 'சேலம்'னேன். அப்பா 'டெக்ஸ்டைல் பிசினஸ்'னேன். சட்டப்படி பார்த்தா ரெண்டும் பொய் இல்ல. ஆனா, மனசாட்சிப்படி ரெண்டுமே பொய்!

என் ஊரு வெண்ணந்தூர். நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் தாலுகா. சேலம் - நாமக்கல் ஹைவேஸ்ல அத்தனூர்கிட்ட உள்ளே திரும்பணும். ஒருபக்கம் அலவாய்மலை, மத்த பக்கமெல்லாம் தறிச் சத்தம். 'டெக்ஸ்டைல் பிசினஸ்'னு நான் சொன்னது எங்க வீட்டு விசைத்தறிகளைத்தான். மொத்தம் நாலு. அதுவும் சொந்தச் சரக்கு இல்ல, கூலிக்கு ஓட்டறது.

சரி, நம்மளை யாரு வந்து செக் பண்ணப்போறாங்கன்னு ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன். அதுல மண்ணைப் போட்டவன் என் ரூம்மேட். ஹாஸ்டல்ல எல்லாரும் அவனை 'மெட்ராஸ்'னுதான் கூப்பிடுவோம். ஒருநாள் மெஸ்ல, சாம்பாரைத் தோண்டி பருப்பு தேடிக்கிட்டே கேட்டான்.

''மச்சி, சேலம்னா மாம்பழம். அதைத் தாண்டி உங்க ஊர்ல திங்கறதுக்கு என்னடா இருக்கு?''

திருநெல்வேலிக்காரன் அல்வாம்பான். மதுரைக்காரன் ஜிகர்தண்டாம்பான். நான் முழிச்சேன். அந்த முழிதான் வினை. ''அப்போ இந்த சனி, ஞாயிறு உங்க ஊருக்கே போறோம். நீ எனக்கு சேலத்தைக் காட்டற''ன்னுட்டான்.

ரெண்டு பொய்யும் ஒரே வீக் எண்ட்ல உடையப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் கிளம்பினோம். நீங்களும் வாங்க, ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம்.

அக்கா, ரெண்டு செட்!

சேலம் ஜங்ஷன்ல இறங்கி, டவுன் பஸ் பிடிச்சு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்தப்போ மணி நாலரை. கரெக்ட் டைம். ஏன்னா, நான் காட்டப்போற ஐட்டத்துக்கு மதியம் மூணு மணிக்கெல்லாம் போனா கடையே இருக்காது. வெயில் இறங்கினதும்தான் குகை, செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைன்னு தெருவுக்குத் தெரு தள்ளுவண்டிகள் வந்து நிக்கும். வண்டி மேல கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள்ள அடுக்கடுக்கா தட்டுவடை.

இந்த இடத்துல சென்னைக்காரங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. நீங்க 'தட்டை'ன்னு சொல்றீங்களே, அதைத்தான் நாங்க தட்டுவடைங்கறோம். ஆனா, சேலத்துத் தட்டுவடை உங்க தீபாவளித் தட்டை மாதிரி உள்ளங்கை சைஸ்ல இருக்காது. சின்னதா, வாய்க்குள்ள முழுசா போற சைஸ். அப்படிப் போகலைன்னா அது செட்டுக்கு ஆகாது.

''அக்கா, ரெண்டு செட்''னு சொன்னதுதான். அந்த அக்கா கை வேலை செய்யற வேகத்தைப் பார்த்து மெட்ராஸ் செல்போனை எடுத்து வீடியோ ஆன் பண்றதுக்குள்ள பாதி முடிஞ்சிருச்சு. வரிசையா தட்டுவடையை அடுக்கறாங்க. அது மேல கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய் போட்டு அரைச்ச பச்சைச் சட்னி ஒரு தீற்றல். காய்ஞ்ச மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைச்ச சிவப்புச் சட்னி ஒரு தீற்றல். நடுவுல துருவின பீட்ரூட், கேரட், பொடியா நறுக்கின வெங்காயம். மேல இன்னொரு தட்டுவடையை வெச்சு லேசா ஓர் அமுக்கு. அவ்வளவுதான், செட் ரெடி!

''தம்பி, பார்த்துட்டே இருந்தீன்னா நமுத்துப்போயிரும். வாயில போடு''ன்னாங்க அக்கா.

மெட்ராஸ் போட்டான். முதல்ல மொறுக்குனு ஒரு சத்தம். அப்புறம் பீட்ரூட்டோட இனிப்பு. நாலு செகண்ட் கழிச்சுத்தான் பூண்டுக் காரம் தொண்டையில ஏறும். கண்ணுல தண்ணியோட ''மச்சி... இன்னொரு பிளேட்''னான்.

நாங்க மெக்கானிக்கல். அதனால சாப்பிடும்போதும் சப்ஜெக்ட் விடாது. மெட்டீரியல்ஸ் கிளாஸ்ல 'சாண்ட்விச் பேனல்'னு ஒண்ணு நடத்துவாங்க. வெளியே ரெண்டு பக்கமும் கெட்டித் தகடு, நடுவுல வேற ஒரு மெட்டீரியல். ஒட்டறதுக்கு ஒரு பசை. தட்டுவடை செட்டும் அதே டிசைன்தான். சட்னி ஈரம் தட்டுவடைக்குள்ள இறங்கறதுக்கு முன்னால சாப்பிட்டுடணும். அந்த அக்கா இன்ஜினீயரிங் படிக்கலை. ஆனா, எத்தனை பேருக்கு எத்தனை பிளேட் முன்கூட்டி போட்டு வைக்கலாம், எதைப் போடவே கூடாதுன்னு அவங்களுக்கு அத்துப்படி.

இது பேசிக் மாடல். இதுலயே தட்டுவடைக்குப் பதிலா குட்டி முறுக்கு வெச்சா 'முறுக்கு செட்'. தக்காளித் துண்டு வெச்சா 'தக்காளி செட்'. மாங்காய் சீஸன்ல 'மாங்காய் செட்'. எல்லாத்தையும் நொறுக்கி, சட்னி, வெங்காயம், துருவல் போட்டுப் பிசைஞ்சு கொடுத்தா 'நொறுக்கல்'. அந்த நொறுக்கல்ல அவிச்ச முட்டையையும் சேர்த்தா 'முட்டை நொறுக்கல்'. முட்டைக்கா பஞ்சம்? பக்கத்துலயே நாமக்கல் இருக்கே!

ஒரு வடைக்கு எத்தனை பேரு?

நாங்க ரெண்டாவது பிளேட்ல இருந்தப்போ பக்கத்துல ஒரு குடும்பம் வந்து நின்னுச்சு. அக்காகிட்ட தமிழ்ல ஆர்டர் சொல்லிட்டு, அவங்களுக்குள்ள வேற ஏதோ பாஷையில பேசிக்கிட்டாங்க. மெட்ராஸ் என் காதுல ''ஹிந்தியாடா?''ன்னான். இல்ல, சௌராஷ்டிரம். கொஞ்ச நேரத்துல கன்னடம் பேசிக்கிட்டு ரெண்டு பேர். அப்புறம் ஒரு பாட்டி, பேரன்கிட்ட தெலுங்குல அதட்டல். பைக்ல வந்த பசங்க உருது. எல்லாரும் இதே ஊருதான். யாரும் டூரிஸ்ட் இல்ல.

''என்னடா இது, பெங்களூர் மாதிரி இருக்கு?''ன்னான்.

அவன் சும்மா சொன்னான். ஆனா, அதுல விஷயம் இருக்கு. நம்ம சேலம் பகுதி முழுக்க, 1792 வரைக்கும் மைசூர் ஆட்சியிலதான் இருந்தது. ஹைதர் அலி, அப்புறம் திப்பு சுல்தான். மூணாவது மைசூர் போர்ல தோத்ததும், ஸ்ரீரங்கப்பட்டணத்துல போட்ட உடன்படிக்கையிலதான் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போச்சு. அதுக்கும் ரொம்ப முன்னாலயே, விஜயநகர ஆட்சிக் காலத்துல இருந்தே நெசவாளர்கள் கூட்டம் கூட்டமா தெற்கே வந்திருக்காங்க. குஜராத்திக்குச் சொந்தக்கார பாஷையான சௌராஷ்டிரம் பேசற பட்டு நெசவாளர்கள். கன்னடமும் தெலுங்கும் பேசற தேவாங்கர்கள். சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவுல கத்தி போட்டுக்கிட்டு ஆடி வர்றவங்களை நீங்க பார்த்திருக்கலாம், அது அவங்கதான். இங்கேயே இருந்த செங்குந்தர்கள். கோட்டைப் பக்கம் உருது பேசறவங்க. செவ்வாய்பேட்டைப் பக்கம் வியாபாரத்துக்கு வந்து தங்கிட்ட வடநாட்டுக் குடும்பங்கள். இவ்வளவு பேரும் நின்னு சாப்பிடற ஒரே இடம் இந்த மாதிரி ஒரு தள்ளுவண்டி!

சாப்பாட்டுலயும் அந்த வழித்தடம் அப்படியே தெரியும். நம்ம தட்டுவடைக்கு கன்னடத்துல 'நிப்பட்டு'. தெலுங்குல 'செக்கலு'. பெங்களூர்ல நிப்பட்டு மேல வெங்காயம், கேரட், காரம் போட்டு 'மசாலா நிப்பட்டு'ன்னு விக்கறாங்க. நம்ம செட்டுக்கு அது ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. யாரைப் பார்த்து யாரு கத்துக்கிட்டாங்கன்னு பஞ்சாயத்து வேண்டாம். அதே மாதிரி, மெட்ராஸ் 'போளி'ம்பான். எங்க பக்கம் கல்யாணத்துல இலையில வைக்கற அதே ஐட்டத்துக்கு 'ஒப்புட்டு'ன்னு பேரு. கன்னடத்துல போய்க் கேளுங்க, 'ஒப்பட்டு'ம்பாங்க. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இன்னும் கொஞ்சம் தோண்டினா, தட்டுல இருக்கற மிளகாயே போர்ச்சுக்கீசியர் காலத்துல அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதான். கேரட், பீட்ரூட்டை எங்க பாட்டி கடைசி வரைக்கும் 'இங்கிலீஷ் காய்'னுதான் சொல்லுச்சு. அப்போ உள்ளூர்ச் சரக்குன்னு இதுல என்னதான் இருக்கு? அரிசி மாவு, உளுந்து... அப்புறம் அதைச் செய்யற கை.

கைன்னதும்தான் எனக்கு அத்தை ஞாபகம் வந்துச்சு. அக்காகிட்ட, ''ஒரு முறுக்கு செட் பார்சல். சட்னி தனியா, காய் தனியா கட்டிக் குடுங்க''ன்னேன்.

''யாருக்குடா?''

''சொல்றேன் வா.''

புளிச்ச வாசனையும் மும்பை விரதமும்

சேலத்துல இருந்து எங்க ஊருக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஹைவேஸ்ல மல்லூர், அத்தனூர் வழியா. இன்னொண்ணு ஆட்டையாம்பட்டி வழியா. நாங்க ரெண்டாவதைப் பிடிச்சோம். ஜன்னல் சீட்டு மெட்ராஸுக்கு.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டான். ''என்னடா ஸ்மெல் இது?''

சேகோ பேக்டரி. சாகோன்னு எழுதினாலும் எங்க வாயில சேகோதான். நீங்க பாயசத்துல போடற ஜவ்வரிசி இங்கேதான் பிறக்குது. வயல்ல விளையற மரவள்ளிக் கிழங்கை (எங்க பக்கம் 'குச்சிக் கிழங்கு') தோல் சீவி, அரைச்சு, பால் எடுத்து, தொட்டியில தேக்கி வைப்பாங்க. மாவு அடியில தங்கும். அந்த மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, பெரிய களத்துல வெயில்ல காயப்போட்டா ஜவ்வரிசி. அந்தத் தண்ணிதான் புளிச்சு இப்படி வாசனை வீசும்.

இதுவும் வந்த சரக்குதான். கிழங்கோட பூர்வீகம் தென் அமெரிக்கா. ஜவ்வரிசியோ, முதல்ல தென்கிழக்கு ஆசியாவுல சேகோ பனைன்னு ஒரு மரத்துல இருந்து எடுத்தது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, 1943ல, சேலத்துக்காரரான மாணிக்கம் செட்டியாரும், மலேயாவுல இருந்து வந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, மரவள்ளி மாவுலயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க. கிழங்கு நம்ம மண்ணு, டெக்னிக் அந்த ஊரு. 1981ல ஆலைக்காரங்க சேர்ந்து 'சேகோசர்வ்' கூட்டுறவு சங்கம் தொடங்கினாங்க. 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு.

இதுல காமெடி என்னன்னா, நாம ஜவ்வரிசியை எப்பவாவது ஒரு பாயசம், வெயில் காலத்துல ஒரு வடகம்னு முடிச்சுக்கறோம். மகாராஷ்டிராவுலயும் குஜராத்துலயும் அதுதான் விரதச் சாப்பாடு. 'சாபுதானா கிச்சடி'. மும்பையில ஒரு மாமி ஏகாதசிக்குச் சாப்பிடற கிச்சடி, எங்க ஊரு களத்துல காய்ஞ்சதா இருக்கலாம். அந்த மாமிக்கும் எங்களைத் தெரியாது, எங்களுக்கும் அவங்களைத் தெரியாது.

மெட்ராஸ் மூக்கில் இருந்து கையை எடுத்துட்டு, ''இதெல்லாம் ஏன்டா ரெண்டு வருஷமா சொல்லலை?''ன்னான்.

என்ன சொல்ல? நான்தான் ஊரு பேரையே சொல்லலையே!

அத்தை வீட்டுத் திண்ணை

ஆட்டையாம்பட்டியில இறங்கினோம். முறுக்குன்னா எல்லாரும் மணப்பாறைம்பாங்க. எங்க ஏரியாவுல கேட்டுப் பாருங்க, 'ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு'ம்பாங்க. எங்க அத்தை, அதாவது அப்பாவோட அக்கா, முப்பது வருஷமா முறுக்கு சுத்தறவங்க. கடை இல்ல. கடைக்காரங்க மாவு கொடுப்பாங்க, இவங்க கூலிக்குச் சுத்திக் கொடுக்கணும்.

நாங்க போனப்போ அத்தையும் பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு பேரும் வெள்ளைத் துணியை விரிச்சுப்போட்டு உட்கார்ந்திருந்தாங்க.

''வா சாமி! சொல்லாமக்கொள்ளாம வந்து நிக்கற. இந்தத் தம்பி யாரு? உக்காரு தம்பி, தண்ணி குடி'' - சொல்லிக்கிட்டே இருக்காங்க, கை நிக்கலை. ஒரு சின்ன உருண்டை மாவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அது கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டே இறங்குது. துணி மேல ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து. நுனியை ஓர் அழுத்து. அடுத்தது. ஸ்கேல் வெச்சு அளந்தா எல்லாம் ஒரே விட்டம்!

மெட்ராஸுக்கு ஆசை. ''ஆன்ட்டி, நான் ஒண்ணு ட்ரை பண்ணட்டுமா?'' 'ஆன்ட்டி'யைக் கேட்டு பக்கத்து அக்காங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே... அத்தை மாவைக் கொடுத்தாங்க. முதல் முயற்சி, முறுக்கு அறுந்துபோச்சு. ரெண்டாவது, புழு மாதிரி வந்துச்சு. மூணாவது ஏதோ வட்டமா வந்துச்சு, ஆனா அதுல முறுக்கே இல்ல. நானும் ட்ரை பண்ணினேன். என்னுது அவனுதைவிட மோசம். எங்க அத்தை வீட்டுல வளர்ந்தவன் நான். இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட நான் துணி பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததில்லைன்னு அப்பத்தான் உறைச்சது.

''விரலு வலிக்காதா அத்தே?''

''வலிக்கும் சாமி. மழைக்காலத்துல ராத்திரி மடக்க முடியாது. சுடுதண்ணியில போட்டு வெச்சிருப்பேன். காலையில சரியாப் போயிரும்.''

ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, பஸ் லேட்டுங்கற மாதிரி.

பார்சலைப் பிரிச்சேன். ''அத்தே, இது சேலத்துல விக்கற முறுக்கு செட். நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?''

''நமக்கெங்க அதெல்லாம்? சேலம் போனா ஜவுளி எடுத்தமா, ஆஸ்பத்திரி பார்த்தமா, பஸ்ஸப் புடிச்சமான்னு வருவோம். ரோட்டுல நின்னு பொம்பளைங்க தின்னா நல்லாவா இருக்கும்?''

முப்பது வருஷமா முறுக்கு சுத்தறவங்க, ஒரு முறுக்கு செட் சாப்பிட்டதில்ல! அன்னிக்கு அவங்க திண்ணையில நானும் மெட்ராஸும் கடை போட்டோம். பச்சைச் சட்னி அவன், சிவப்புச் சட்னி நான். மூணு பேருக்கும் செட் போட்டுக் கொடுத்தோம். அக்காங்க ரெண்டு பேரும் வெட்கப்பட்டுக்கிட்டே வாங்கி வாயில போட்டாங்க. அத்தை முதல்ல முறுக்கைத் தனியாப் பிரிச்சு எடுத்து, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

''இது மெஷின்ல புழிஞ்சது''ன்னாங்க. அப்புறம் சாப்பிட்டுட்டு, ''சட்னி நல்லாருக்கு. வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடலாம்''னாங்க. கிளம்பும்போது ஒரு பொட்டலம் முறுக்கு கட்டி மெட்ராஸ் கையில திணிச்சாங்க. ''காலேஜுல பசங்களுக்குக் குடு தம்பி. எங்க பையன் என்னைக்கும் கொண்டுபோக மாட்டேங்கறான்.''

அது உண்மை. ஒவ்வொரு லீவுக்கும் பொட்டலம் கட்டித் தருவாங்க. 'வெயிட் ஆயிடும்'னு சொல்லி வீட்டுலயே வெச்சுட்டுப் போயிடுவேன். வெயிட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. 'யாரு செஞ்சது?'ன்னு எவனாவது கேட்பானேன்னுதான்.

நாலு தறி

வெண்ணந்தூர் வந்து சேர்ந்தப்போ ராத்திரி ஒன்பதாகப் போகுது. பஸ் ஸ்டாப்புக்கு அப்பா வந்திருந்தார். வீட்டுக்குப் போறதுக்கு முன்னால ''புள்ளைங்க பசியோட வந்திருப்பீங்க''ன்னு பரோட்டா கடைக்குக் கூட்டிட்டுப் போனார். ஆளுக்கு ரெண்டு பரோட்டா, ஒரு 'கலக்கி'. கலக்கி தெரியாதவங்களுக்கு: முட்டையை அடிச்சு, கல்லுல ஊத்தி, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் குழம்பு விட்டு, முழுசா வேகறதுக்கு முன்னாலயே சுருட்டி எடுக்கறது. வெளியே ஆம்லெட், உள்ளே கொழகொழ. கூடவே பள்ளிபாளையம் சிக்கன். கரம் மசாலா கிடையாது, தக்காளி கிடையாது. சின்ன வெங்காயம், விதை நீக்கின காய்ஞ்ச மிளகாய், பல்லுப் பல்லா கீறின தேங்காய், கறிவேப்பிலை, அவ்வளவுதான். பள்ளிபாளையமும் எங்க மாவட்டம்தான். ஈரோட்டுக்கு எதிர்க்கரை, அதுவும் தறி ஊரு.

மெட்ராஸ் சாப்பிட்டுக்கிட்டே அப்பாகிட்ட, ''அங்கிள், டெக்ஸ்டைல் பிசினஸ் எப்படிப் போகுது?''ன்னான்.

எனக்குப் பரோட்டா தொண்டையில நின்னுபோச்சு. அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்து சிரிச்சார்.

''பிசினஸெல்லாம் இல்ல தம்பி. நாலு தறி. அவங்க பாவு குடுப்பாங்க, நாம ஓட்டித் துணியாக் குடுக்கறோம். மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. சனிக்கிழமை சனிக்கிழமை குடுத்துருவாங்க. இவன் சின்னப் பையனா இருந்தப்போ, கூலி வாங்க சேலம் போனேன்னா, தட்டுவடை செட்டு பார்சல் வாங்கிட்டு வராம வீட்டுக்குள்ள நுழைய முடியாது.''

ஆமா. அதை நான் எப்படி மறந்தேன்? தினத்தந்தி பேப்பர்ல கட்டின பொட்டலம். அம்மா தரையில உட்கார்ந்து செட் போட்டுக் கொடுப்பாங்க. மெஸ்ல 'உங்க ஊர்ல என்னடா இருக்கு?'ன்னு அவன் கேட்டப்போ எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலைன்னேன் பாருங்க... ஞாபகம் வராம இல்ல. அதைச் சொன்னா சனிக்கிழமைக் கூலியையும் சேர்த்துச் சொல்லணுமே!

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில படுத்திருந்தோம். பக்கத்துத் தெரு தறிப்பட்டறையில நைட் ஷிப்ட் ஓடிக்கிட்டிருந்தது. ரொம்ப நேரம் அவன் பேசலை. கோபமோன்னு நினைச்சேன்.

''மச்சி, எங்க அப்பா டிராவல்ஸ் வெச்சிருக்கார்னு சொன்னேன்ல?''

''ஆமா.''

''ஷேர் ஆட்டோடா. அதுவும் வாடகை வண்டி.''

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கீழே இருந்து அம்மா, ''தூங்குங்கடா''ன்னு சத்தம் போட்டாங்க.

கடைசியா ஒரு வண்டி

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பறப்போ, கடைவீதி முனையில புதுசா ஒரு பானி பூரி வண்டி. நடத்தறது வடக்கே இருந்து வந்த ஒரு பையன், எங்க வயசுதான் இருக்கும். வண்டியைச் சுத்தி தறிப்பட்டறைகள்ல வேலை பார்க்கற ஒடிசா பசங்களும், எங்க ஊரு ஸ்கூல் பசங்களும். அவன் ஒருத்தருக்கு ஹிந்தியில விலை சொல்றான், இன்னொருத்தருக்கு எங்க ஊரு இழுவையோட ''இன்னொண்ணு வேணுமாங்ண்ணா?''ங்கறான்.

அவனோட டப்பாக்கள்ல உருளைக்கிழங்கு, பட்டாணி, புளித்தண்ணி எல்லாம் வழக்கம்போல. ஓரமா ஒரு டப்பாவுல மட்டும் துருவின பீட்ரூட்!

''பானி பூரிக்கு எதுக்குப்பா பீட்ரூட்டு?''ன்னு கேட்டேன்.

''பசங்க கேக்கறாங்கண்ணா. இது இல்லேன்னா காரம் சரியா இல்லைங்கறாங்க.''

மெட்ராஸ் என்னைப் பார்த்தான். நாங்க ஆளுக்கு ஒரு பிளேட் சாப்பிட்டோம். சத்தியமா நல்லாத்தான் இருந்துச்சு.

இப்போ ஹாஸ்டல் மெஸ்ல எங்க டேபிள் மேல அத்தையோட முறுக்குப் பொட்டலம் இருக்கு. 'யாரு செஞ்சது?'ன்னு கேக்கறவங்ககிட்ட, 'ஆட்டையாம்பட்டி, எங்க அத்தை'ன்னு சொல்றேன். 'எந்த ஊரு?'ன்னா வெண்ணந்தூர்ங்கறேன். அது எங்கடா இருக்குன்னு கேட்டா... வாங்க, கூட்டிட்டுப் போறேன்!

போறவங்களுக்குப் பாக்கெட் டிப்ஸ்

* சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க. வண்டிகள் அப்பத்தான் வரும்.

* முதல்ல சாதா தட்டுவடை செட். அப்புறம் முறுக்கு செட். கடைசியாத்தான் நொறுக்கல். இந்த ஆர்டரை மாத்தினா வயிறு நிறைஞ்சுடும்.

* சிவப்புச் சட்னி தாங்காதவங்க, 'பச்சை மட்டும்'னு முன்னாலயே சொல்லிடுங்க. அப்புறம் அழக் கூடாது.

* பார்சல்னா சட்னி, காய், தட்டுவடை மூணும் தனித்தனியா கட்டித் தரச் சொல்லுங்க. வீட்டுல போய் செட் போடுங்க.

* ஆட்டையாம்பட்டிப் பக்கம் போனா கைமுறுக்கு வாங்குங்க. கடையில பேரம் பேசறதுக்கு முன்னால ஒரே ஒரு முறுக்கை நீங்களா சுத்திப் பாருங்க. அப்புறம் பேரம் பேச வாய் வராது!